சிவப்பைத் தின்னும் கடல்

மீன் சந்தையில் சங்கராவைத் தேட வேண்டியதில்லை. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று முதலில் கண்ணில் படுவது அதுதான். அதே மாதிரிச் சிவப்பு மீன் ஒன்றைக் கடலுக்கடியில் இருபது மீட்டர் ஆழத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாது. சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு மங்கல் நிறத்தில், பாறையின் நிழலோடு நிழலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையிலிருக்கும் டார்ச்சை அதன்மேல் அடித்தால் சட்டென்று சிவக்கும். விளக்கை அணைத்தால் மறுபடியும் சாம்பல்.

அந்தமானிலோ திருகோணமலைப் புறாத் தீவிலோ முதன்முறையாக ஸ்கூபா முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களின் படங்களிலும் இதே புதிர் இருக்கும். நேரில் பார்த்தபோது பவளப்பாறை பல வண்ணங்களில் இருந்தது. படத்திலோ எல்லாம் ஒரே நீலம், இல்லாவிட்டால் ஒரே பச்சை. கேமராதான் சரியில்லை என்று முடிவு கட்டி, அடுத்த தடவைக்கு நல்லதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ஜூம் என்று விசாரிக்கிறார்கள். இந்தக் கேள்விகள் கரையில் எடுக்கும் படங்களுக்குப் பொருந்தும். கடலுக்கடியில் ஒளி சந்திக்கும் முதல் லென்ஸும் முதல் வண்ண வடிகட்டியும் தண்ணீர்தான். அது ஒளியை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கேமரா, அதை நீர் புகாமல் மூடும் பெட்டியான ஹவுசிங் எது, எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து அதற்கு நிறமே இல்லை என்கிறோம். உண்மையில் தண்ணீருக்கு மிக மெல்லிய நீல நிறம் உண்டு. டம்ளரின் அகலத்தில் அது தெரியாது; பல மீட்டர் தடிமன் சேர்ந்தால்தான் தெரியும். காரணம் நீர் மூலக்கூறின் உள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜனோடு பிணைந்த இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத்தான் உறிஞ்சும். ஆனால் அவற்றின் மேல்சுரங்கள் சிவப்பு ஒளியின் எல்லைவரை எட்டுகின்றன. அதனால் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்பட, நீலம் ஏறத்தாழ அப்படியே தப்பிவிடுகிறது.

இதை எப்படி உறுதி செய்தார்கள்? ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிடக் கனமான டியூட்டீரியம் சேர்ந்த கனநீரில் அணுக்கள் மெதுவாக அதிரும். அப்போது உறிஞ்சல் அகச்சிவப்புப் பக்கம் இன்னும் தள்ளிப் போக வேண்டும். சில மீட்டர் நீளமுள்ள குழாயில் சாதாரணத் தண்ணீரை நிரப்பி முனையிலிருந்து பார்த்தால் நீலம் தெரிகிறது. அதே குழாயில் கனநீர் நிறமற்றுத் தெரிகிறது. நீலத்துக்குக் காரணம் அழுக்கோ வானத்தின் பிரதிபலிப்போ இல்லை, மூலக்கூறின் அதிர்வுதான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

கடலின் நீலத்தில் இன்னொரு பாதிக் கதை உண்டு. அதைக் கண்டவர் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து எஸ். எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. அது வானத்தின் பிரதிபலிப்பே என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைச் சரியான கோணத்தில் பிடித்து, கடற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு மறைந்தது, நீலம் மறையவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பி அனுப்புகின்றன என்று அவர் விளக்கினார். ஆக, சிவப்பு உள்ளேயே உறிஞ்சப்படுகிறது, நீலம் சிதறி வெளியே வருகிறது. கேமராவுக்கு இரண்டுமே தொல்லை. முதலாவது நிறத்தைப் பறிக்கிறது, இரண்டாவது படத்தின் மீது நீலத் திரை போடுகிறது.

எவ்வளவு சிவப்பு போகிறது என்று அளப்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. தண்ணீரின் உறிஞ்சல் மிகச் சிறியது. சிதறிப்போன ஒளியையும் உறிஞ்சப்பட்டதாகக் கணக்கில் எடுத்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. 1997இல் ராபின் போப்பும் எட்வர்ட் ஃபிரையும் வெளியிட்ட அளவீடுகளில் இதற்கு ஓர் அழகான வழி இருந்தது. ஒளியை நன்றாகத் திருப்பியடிக்கும் சுவர்கள் சூழ்ந்த குடுவைக்குள் தூய நீரை அடைத்தார்கள். உள்ளே போன ஒளி எந்தத் திசையில் சிதறினாலும் சுவரில் பட்டுத் திரும்பி நீருக்குள்ளேயேதான் சுற்றும். குறைவது உறிஞ்சலால் மட்டுமே. அந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியில் ஒரு மீட்டர் தூய நீரைக் கடந்து மிஞ்சுவது சுமார் 71 சதவீதம். ஐந்து மீட்டர் கடந்தால் 18 சதவீதம். பத்து மீட்டரில் 3 சதவீதம்தான். அதே பத்து மீட்டரில் 450 நானோமீட்டர் நீலம் 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்திருக்கும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கணக்கில் வருவது ஆழம் மட்டும் இல்லை, ஒளி நீருக்குள் நடந்த மொத்தத் தூரம். எட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை இரண்டு மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்தால், வெயில் மேலிருந்து மீனுக்கு எட்டு மீட்டர், மீனிலிருந்து லென்ஸுக்கு இரண்டு மீட்டர், ஆகப் பத்து மீட்டர் பயணம் செய்கிறது. ஆழத்தை நம் வசதிக்கு மாற்ற முடியாது. அந்த இரண்டு மீட்டரை அரை மீட்டராக்க முடியும். நீருக்கடியில் படம் எடுப்பவர்கள் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ என்று ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பிறகு நம் கண்ணுக்கு மட்டும் எப்படி வண்ணங்கள் தெரிந்தன? சூழ்ந்திருக்கும் ஒளியின் சாயத்தை மூளை கழித்துவிடுகிறது. மாலை வெயிலிலும் குழல்விளக்கிலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரிவதும் அதே திறமையால்தான். கேமராவின் சென்சார் வந்து விழுந்த ஒளியை அப்படியே எண்ணி வைக்கும். மூளை செய்த கழித்தலை நாம் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதுதான் ஒயிட் பேலன்ஸ்: எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டுவது. ஒரு வெள்ளைப் பலகையையோ வெளிர் மணலையோ அந்த ஆழத்திலேயே படம் பிடித்து, இதுதான் வெள்ளை என்று பதிவுசெய்தால் மற்ற நிறங்கள் ஓரளவு திரும்பும். ஆழம் மாற மாற இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனவே நீருக்கடியில் பயன்படுத்தப்போகும் கேமராவில், ஒன்றிரண்டு பொத்தான்களில் இதைச் செய்ய முடிகிறதா, நான்கு மெனுக்களுக்குள் புகுந்து தேட வேண்டுமா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். மூன்று கோடி பிக்சல் விளம்பரத்தைவிட எனக்கு இது முக்கியம்.

ராவ் கோப்பாகப் படத்தைச் சேமிக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். அதோடு கேமரா நிறத்தைத் தன் விருப்பப்படி தீர்மானித்து மிச்சத்தை எறிந்துவிடும். 12 பிட் ராவ் கோப்பில் 4096 படிகள், எதுவும் எறியப்படாமல் இருக்கும். மங்கிப்போன சிவப்பைப் பின்னால் கணினியில் தூக்கி நிறுத்த அந்தப் படிகள் தேவை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. சென்சாருக்கு வந்தே சேராத சிவப்பை எந்த மென்பொருளும் உண்டாக்காது. பெருக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் பெருகும்.

இந்தத் திருத்தம் ஏன் எளிதாக வசப்படுவதில்லை என்பதை டெர்யா அக்கய்னாக், தாலி ட்ரெய்பிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் ‘சீ-த்ரூ’ என்ற முறையின் மூலம் காட்டினார்கள். படத்தில் பக்கத்தில் இருக்கும் பவளம் இழந்த சிவப்பு வேறு, பின்னால் இருக்கும் பாறை இழந்த சிவப்பு வேறு. அதனால் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான நிறம் கிடைக்கும். வண்ணக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டையைக் கடலடியில் வைத்து, வெவ்வேறு தூரங்களிலிருந்தும் கோணங்களிலிருந்தும் அதைப் படமெடுத்துத்தான் இதை நிறுவினார்கள். ஒரே ஒரு திருத்தத்தைப் படம் முழுவதற்கும் போட்டால் முன்னால் இருப்பது இளஞ்சிவப்பாகவும் பின்னால் இருப்பது நீலமாகவும் ஏன் ஆகிறது என்பதற்கு விடை இதுதான்.

எல்லாக் கடலும் நீலம் கிடையாது. பாக் நீரிணையைப் பார்த்தவர்களுக்கு அது பச்சை. கரையோரத்தில் மிதக்கும் நுண்பாசிகளும், அழுகிய தாவரப் பொருள்கள் கரைந்த நீரும் நீல ஒளியை உறிஞ்சிவிடும். சிவப்பைத் தண்ணீர் தின்ன, நீலத்தை இவை தின்ன, நடுவில் மிஞ்சுவது பச்சை. லென்ஸ் முன்னால் மாட்டும் வண்ணக் கண்ணாடி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நீல நீருக்குச் சிவப்புக் கண்ணாடி, பச்சை நீருக்கு மெஜந்தா கண்ணாடி. இவை எதுவும் சிவப்பைச் சேர்ப்பதில்லை; மிகுந்திருக்கும் நீலத்தையும் பச்சையையும் குறைத்துச் சமன் செய்கின்றன. அதனால் மொத்த வெளிச்சமும் குறையும். வெயில் நன்றாக விழும் மேல்மட்ட நீரில்தான் இவற்றுக்குப் பயன். ஆழத்தில் இருட்டைக் கூட்டவே செய்யும்.

இருபது மீட்டரில் சிவப்பு வேண்டுமென்றால் ஒரே வழி, வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோவது. 1926இல் அமெரிக்காவின் ட்ரை டார்டுகாஸ் தீவுகளருகே டபிள்யூ. எச். லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோதும் இதே பாடுதான். அன்றைய ஆட்டோகுரோம் வண்ணத் தட்டுகளுக்கு ஏராளமான ஒளி வேண்டும். நீர்மட்டத்தில் மிதவை கட்டி, அதன்மேல் மக்னீசியத் தூளைக் குவித்து வெடிக்கவைத்தார்கள்; லாங்லி அதில் தீக்காயமும் பட்டார். இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஸ்ட்ரோப் விளக்கு செய்கிறது. ஆனால் அதன் ஒளியும் தண்ணீருக்குத் தப்பாது. ஒரு மீட்டர் தூரத்து மீனுக்குப் போய்த் திரும்ப இரண்டு மீட்டர். சிவப்பில் பாதி மிஞ்சும். இரண்டு மீட்டர் தூரத்து மீனென்றால் நான்கு மீட்டர் பயணம், மிஞ்சுவது கால்வாசிதான். தூரத்தோடு ஒளி பரவி மெலிவது தனிக் கணக்கு. ஸ்ட்ரோப் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் அதை நம்பாதீர்கள்.

கேமராவோடு வரும் சின்ன ஃப்ளாஷே போதாதா? போதாது. அது லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. கடல்நீரில் மணல்துகள்களும் மிதவை உயிர்களும் எப்போதும் இருக்கும். லென்ஸின் பார்வைக் கோட்டிலேயே ஒளியை வீசினால், நடுவில் உள்ள ஒவ்வொரு துகளும் அதை நேராக லென்ஸுக்குத் திருப்பியடிக்கும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழும். இந்தப் பின்சிதறலைத் தவிர்க்க ஸ்ட்ரோபை நீண்ட கையில் பொருத்தி, பக்கவாட்டில் தள்ளி, சற்றே வெளிப்புறமாகத் திருப்பி வைக்கிறார்கள். மீன்மீது ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் விழ, லென்ஸுக்கும் மீனுக்கும் இடைப்பட்ட நீர் இருட்டாகவே இருந்துவிடும். கேமராவின் ஃப்ளாஷுக்கு அப்போதும் வேலை உண்டு. ஹவுசிங்கில் செருகிய ஒளியிழை வழியாக அதன் மின்னல் ஸ்ட்ரோபுக்குப் போய் அதை எரியவைக்கும். ஹவுசிங்கில் மின்கம்பிக்காகத் துளை போடவே வேண்டாம். ஆகவே உள்ளமைந்த ஃப்ளாஷ் உள்ள கேமராவாகவும், அதன் வெளிச்சம் தெரியும்படியான சாளரம் உள்ள ஹவுசிங்காகவும் பார்த்து வாங்குவது நல்லது.

நிறத்தை விட்டு வடிவத்துக்கு வருவோம். நீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் நுழையும் ஒளி வளைகிறது. ஹவுசிங்கின் முன்பக்கம் தட்டையான கண்ணாடியாக இருந்தால், ஒரு மீட்டரில் உள்ள பொருள் முக்கால் மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். அளவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கடற்குதிரையையோ ஓடில்லாக் கடல் நத்தையையோ எடுப்பவருக்கு இது லாபம். பரந்த பவளத் திட்டையோ திமிங்கலச் சுறாவையோ எடுப்பவருக்கு நஷ்டம். 24 மில்லிமீட்டர் அகலக் கோணத்தில் கரையில் 84 பாகை பார்க்கும் கேமரா, தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் நீரில் 60 பாகைதான் பார்க்கும். பெரிய பொருள் முழுவதும் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டும். பின்னால் நகர்ந்தால் நடுவில் தண்ணீர் கூடும், சிவப்பு போகும், துகள்கள் பெருகும். அகலக் கோணத்துக்காகச் செலவழிக்கும் காசு உண்மையில் தண்ணீரைக் குறைப்பதற்கான காசு.

இதற்குத் தீர்வு குவிந்த கண்ணாடி. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கோளத்தின் பரப்பில் ஏறத்தாழச் செங்குத்தாகவே நுழைவதால் கோணம் சுருங்காது. காம்பாக்ட் கேமராக்களுக்கு இதன் எளிய வடிவம், ஹவுசிங்கின் வெளியே நீரிலேயே மாட்டிக் கழற்றும் நீர் லென்ஸ்கள். பெரிய எஸ்எல்ஆர் கேமராவோடு இறங்குகிறவர் கரையிலேயே ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடுகிறார். சின்னஞ்சிறு உயிர்களுக்கான நெருக்கப்பட லென்ஸோடு இறங்கியவர் முன்னால் திருக்கை மீன் வந்து நின்றால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காம்பாக்ட் வைத்திருப்பவர் ஒரே முழுக்கில் நெருக்கப்பட லென்ஸைக் கழற்றிவிட்டு அகலக்கோண லென்ஸை மாட்டலாம். மாட்டும்போது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சின்னக் கேமரா என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் சுதந்திரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. இதனால் ஹவுசிங் வாங்கும்போது அதன் முகப்பில் 67 மில்லிமீட்டர் திருகுமரை இருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலான நீர் லென்ஸ்கள் அந்த அளவுக்குத்தான் வருகின்றன.

ஜூம் அதிகமாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் இங்கே தலைகீழாகும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் மூன்றாம் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறை வரை 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீளும் குட்டை ஜூம். ஏழாம் தலைமுறையில் 24 முதல் 200 வரை. கரையில் பின்னது சிறந்தது. நீரில், 200 வரை நீளும் லென்ஸ் குழாய்க்கு இடம் விட்டு ஹவுசிங்கின் முகப்பையும் நீளமாகச் செய்ய வேண்டும். அகலக் கோணத்தில் லென்ஸ் உள்ளே பின்வாங்கியிருக்க, வெளியே மாட்டிய நீர் லென்ஸ் வெகு தூரத்தில் நிற்கும். படத்தின் மூலைகள் கறுத்துவிடும். பவளக் காட்சிகளை விரும்புகிறவர் பழைய குட்டை ஜூம் கேமராவைத் தேடி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

சென்சாரின் அளவுக்கும் பொருள் உண்டு. இந்தச் சோனி கேமராக்களிலும் கேனான் ஜி7 எக்ஸ் வரிசையிலும் உள்ள ஓர் அங்குலச் சென்சாரின் பரப்பு, ஒலிம்பஸ் டிஜி-6இலும் அதன் அடுத்த வடிவமான ஓஎம் சிஸ்டம் டிஜி-7இலும் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. மங்கிய நீரில் அது கூடுதல் ஒளியைத் திரட்டும். இருந்தாலும் முதல் கேமரா வாங்குகிறவருக்கு நான் டிஜி வரிசையைத்தான் சொல்வேன். அது லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள பொருளையும் தெளிவாக எடுக்கும். சிறிய சென்சாரில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் அதிகம் என்பதால், நகத்தளவு நத்தை முழுவதும் கூர்மையாக விழும். கேமராவுக்கே 15 மீட்டர் வரை நீர் புகாத உடல் இருப்பதால், 45 மீட்டர் தாங்கும் ஹவுசிங்கில் இரண்டு சொட்டு புகுந்தாலும் கேமரா பிழைத்துவிடும். கற்றுக்கொள்ளும் பருவத்தில் இந்த இரட்டைக் காப்பு பெரிய நிம்மதி.

கேமராவே 15 மீட்டர் தாங்கும்போது ஹவுசிங் எதற்கு என்று கேட்கலாம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி முகப்பின்மீது 40 மீட்டர் ஆழத்தில் 300 கிலோவுக்கு மேல் எடை ஏறி நிற்கும். எல்லை தாண்டினால் கண்ணாடி உடையும் முன்பே பொத்தான்கள் தாமாக அமுங்கி அப்படியே சிக்கிக்கொள்ளும். பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையே 40 மீட்டர் என்பதால், 40 முதல் 60 மீட்டர் வரை தாங்கும் பாலிகார்பனேட் ஹவுசிங் பெரும்பாலோருக்குப் போதும். நூறு மீட்டர் தாங்கும் அலுமினிய ஹவுசிங் கேமராவைவிட விலை கூடுதலாக இருக்கலாம். பொத்தான்களின் தொடுவுணர்வும் உழைப்பும் அதில் மேல். செல்பேசியின் ஐபி68 முத்திரையை இந்தக் கணக்கோடு குழப்பக் கூடாது. அது குறிப்பிட்ட ஆழத்தில் நன்னீரில் அசையாமல் வைத்துச் செய்த சோதனை. உப்புநீர், நீச்சலின் அசைவு எதற்கும் அது உறுதி தராது.

ஹவுசிங்கின் உயிர் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இது. வெறும் வளையம், ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் அது வேலை செய்யும் விதம் நம் வீட்டுக் குக்கர் கேஸ்கட்டைப் போன்றது. அடுப்பில் வைத்த புதிதில் மூடியின் ஓரமெல்லாம் ஆவி கசியும். உள்ளே அழுத்தம் ஏறியதும் அதுவே கேஸ்கட்டைத் தள்ளி இடுக்கை அடைத்துவிடும், கசிவு நின்றுவிடும். ஹவுசிங்கில் அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. ஆழம் கூடக் கூட நீரே வளையத்தைப் பள்ளத்தின் ஓரத்துக்கு அழுத்தி இறுக்கமாக மூடுகிறது. ஆழத்தில்தான் நீர் புகும் என்று பயப்படுகிறோம். ஹவுசிங்குகள் பெரும்பாலும் கசிவது முதல் ஒரு மீட்டரில்தான், படகிலிருந்து குதிக்கும்போதும் கழுவும் தொட்டியில் கிடக்கும்போதும்.

இது புரிந்தால் மற்ற எச்சரிக்கைகளும் புரியும். ஒரு தலைமுடி, ஒரு மணல் துணுக்கு, துணியின் ஒரு நூல் வளையத்தின் குறுக்கே கிடந்தால் அழுத்தம் அங்கே வளையத்தைச் சரியாக உட்கார வைக்க முடியாது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் நல்ல வெளிச்சத்தில், விரலால் தடவி, வளையம் முழுவதையும் சோதியுங்கள். கிரீஸ் தடவுவது ஓட்டையை அடைக்க இல்லை; வளையம் பள்ளத்தில் வழுக்கி நகர உதவத்தான். மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு போதும். அப்பித் தடவினால் அந்தப் பிசுபிசுப்பே மணலை இழுத்துப் பிடிக்கும். சிலிகோன் வளையத்துக்கும் மற்ற ரப்பருக்கும் கிரீஸ் வேறு வேறு என்பதால் ஹவுசிங் செய்தவர் தந்ததையே பயன்படுத்துங்கள். வளையத்தைக் கழற்ற ஊக்கோ கத்தி முனையோ கூடாது. பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனை போதும்.

சில ஹவுசிங்குகளில் கைப்பம்பால் உள்ளிருக்கும் காற்றில் கொஞ்சத்தை உறிஞ்சி எடுக்கும் வசதி இருக்கிறது. எங்காவது கசிவு இருந்தால் உள்ளழுத்தம் ஏறும். பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். கரையிலேயே, கேமரா நனையுமுன்பே தெரிந்துவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே அழுத்தம் குறைந்திருப்பதால் வெளிக்காற்றே வளையத்தை அழுத்தி உட்காரவைத்துவிடும். அந்த ஆபத்தான முதல் மீட்டரிலேயே, ஆழத்தில் கிடைக்கும் இறுக்கம் கிடைத்துவிடுகிறது. விலையுயர்ந்த கேமரா வைத்திருப்பவர்கள் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்பேன்.

நம் கடற்கரையில் இன்னொரு தொல்லை, உட்புறக் கண்ணாடியில் படியும் பனி மூட்டம். 32 பாகை வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள படகில் ஹவுசிங்கை மூடினால், உள்ளே அடைபட்ட காற்று 27 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் கோக்கும். கீழே நீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் லென்ஸ் முன்னால் திரை விழும். 24 பாகையும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஏசி அறையில் மூடினால், அந்தக் காற்று 13 பாகை வரை தாங்கும். நம் கடல் அவ்வளவு குளிராது. ஹோட்டல் அறையிலேயே மூடிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே உலர்ந்த சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். படகில் வெயிலில் வைக்காமல் ஈரத் துணி போர்த்தி நிழலில் வையுங்கள். சூடேறினால் ஜெல்லும் பிளாஸ்டிக்கும் தாம் பிடித்து வைத்திருந்த ஈரத்தையே விட்டுவிடும்.

வாங்கும்போது கேமராவையும் ஹவுசிங்கையும் ஒன்றாகவே வாங்குங்கள். ஒரு மாடலுக்குச் செய்த ஹவுசிங் அடுத்த மாடலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது, பொத்தான் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே வீண். காசு மிஞ்சினால் முதலில் ஸ்ட்ரோப், பிறகு நீர் லென்ஸ், கடைசியில்தான் புதுக் கேமரா. அதற்கும் முன்னால், கைகளை அசைக்காமல் நீரின் நடுவே மிதந்து நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். படத்துக்காக ஒரு துடுப்பு உதை உதைத்தால் பல ஆண்டுகள் வளர்ந்த பவளக் கிளை முறிந்துவிடும். அப்படி எடுத்த படத்தை என்னால் ரசிக்க முடிவதில்லை.

புது ஹவுசிங்கை முதல் தடவை கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாள் மட்டும் வைத்து ஒரு முழுக்குக் கொண்டுபோங்கள். கூடவே ஒரு சிறு எடையும் உள்ளே இருக்கட்டும். காற்று மட்டும் அடைத்த பெட்டி மேலே இழுக்கும். தாள் உலர்ந்தபடி திரும்பினால் கேமராவை நம்பி ஒப்படைக்கலாம். ஒவ்வொரு முழுக்குக்குப் பிறகும் நன்னீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பலமுறை அமுக்குங்கள். ஒவ்வொரு பொத்தானின் தண்டிலும் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறது. அங்கே உப்பு படிகமானால் அது வளையத்தை அறுக்கும். பல மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் பூட்டை இறுக்கி வைக்காதீர்கள். அழுத்தத்திலேயே கிடக்கும் ரப்பர் தட்டையாகி நெகிழ்வை இழந்துவிடும். பெரிய வளையத்தைக் கழற்றித் துடைத்து, சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடியை லேசாகச் சாத்தி வையுங்கள்.